தென்னாட்டு நிலம் அசையாதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். "பூகம்பத்தைப் பத்திப் பேசு, ஆனா யாரையும் பயமுறுத்திடாதே" என்று செயலாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் தைரியம் சொல்லிவிட்டுப் போகவும் நான் வரவில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி நிலத்தை அளப்பதிலேயே கழிந்தவன் நான். அளந்ததில் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது.

2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி சுமார். கடலூர், புதுச்சேரி, சிதம்பரம், சென்னை வரைக்கும் ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். "யாரோ கட்டிலைப் புடிச்சு ஒலுக்கினாப்ல இருந்துச்சு", "அலமாரிப் பாத்திரம் கடகடன்னுச்சு" என்று மறுநாள் முழுக்க இதே பேச்சு. புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்குள் ஏற்பட்ட நடுக்கம் அது. ரிக்டர் அளவில் ஐந்தரை சுமார் இருக்கும். குஜராத்தில் பூஜ் நகரம் இடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் பீதி கொஞ்சம் அதிகம். அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நம்ம ஊர்ல பூகம்பம் வராதுன்னுதானே படிச்சோம்?"

அப்படித்தான் படித்தோம். தக்காணம் பழமையான பாறை, உறுதியான நிலம், இமயமலைப் பக்கம்தான் ஆடும் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. அதில் பெரும்பகுதி இன்றைக்கும் சரிதான். சிக்கல் மீதிப் பகுதியில் இருக்கிறது. அந்த மீதியை அறிவதற்குச் செயற்கைக்கோள் எவ்வளவு உதவுகிறது, எந்த இடத்தில் கையை விரிக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

செயற்கைக்கோளுக்குப் போவதற்கு முன் திருவந்திபுரத்துக்குப் போய்விட்டு வருவோம். தேவநாத சுவாமி கோயில் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் உலக நில அளவை வரலாற்றில் அந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடித்தளக் கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதற்கே 57 நாள் ஆயிற்று. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே நகர்ந்து வந்து, பூமியின் ஒரு பாகை எத்தனை நீளம் என்று கணக்கிட அவர் அளந்த முதல் வளைகோட்டின் தென்முனையை நம் திருவந்திபுரத்தில் வைத்தார். கோட்டின் மொத்த நீளம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். பூமியின் வடிவத்தைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வெளிவந்த கணக்குப் பட்டியல்களில் 'ட்ரிவாண்டெபோரம்' என்று ஒரு பெயர் வரும். வெள்ளைக்காரன் வாயில் திருவந்திபுரம் பட்ட பாடு அது!

அவர் கையாண்ட பெரிய தியோடலைட் கருவியின் எடை அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரம் வெளியே வராமல், தம் கையாலேயே அதைச் சரிசெய்தாராம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புராணக் கதை மாதிரி. ஒரு கருவி கெட்டுப்போனால் ஆறு மாதம் கோப்பு எழுதிய தலைமுறை எங்களுடையது.

லாம்டனுக்கும் பூகம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. அவர் தொடங்கி வைத்த முக்கோண அளவை பின்னர் நாடு முழுவதும் பரவியது. மலை உச்சிகளில் பாறையில் குறி வெட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோணம் எடுத்து, எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்தார்கள். நூறு வருஷம் கழித்து அதே குறிகளின் மேல் நின்று மறுபடியும் அளந்தால் என்ன தெரியும்? நிலம் எங்கேயாவது நசுங்கியிருந்தாலோ இழுபட்டிருந்தாலோ முக்கோணத்தின் வடிவம் மாறியிருக்கும். மாறாமல் இருந்தால் நிலம் நிலையாக இருக்கிறது என்று பொருள். அவர்கள் வரைபடத்துக்காக அளந்தார்கள். நமக்கு அது ஒரு பழைய எக்ஸ்ரே படம் மாதிரி கிடைத்திருக்கிறது.

அந்தப் பழைய படத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் 1993-இல் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்னால், மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊர் தரைமட்டமாயிற்று. பிள்ளையார் ஊர்வலம் முடிந்து ஜனங்கள் அயர்ந்து தூங்கிய இரவு. ரிக்டர் அளவு ஆறுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். கனமான கருங்கல்லை வெறும் மண் சாந்தில் அடுக்கிய சுவர், மேலே மரச்சட்டத்தில் மண்ணைக் குவித்த கூரை. வெயிலுக்குக் குளிர்ச்சியான வீடு. அதுவே சமாதி ஆயிற்று. அரசாங்கத்தின் நிலநடுக்க மண்டல வரைபடத்தில் அந்த இடம் முதல் மண்டலம், அதாவது அபாயம் மிகக் குறைந்த பகுதி. இத்தனைக்கும் முந்தைய வருஷக் கடைசியிலேயே அந்த வட்டாரத்தில் சிறு அதிர்வுகள் வந்து, ஜனங்கள் பயந்துபோய் இருந்தார்கள்.

இதற்கு முன்னால் 1967 டிசம்பரில் கொய்னாவில் வந்தது. அதற்கு அணையில் தேங்கிய தண்ணீர் ஒரு காரணம் என்று சொல்ல முடிந்தது. 1900 பிப்ரவரியில் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ரிக்டர் அளவில் ஆறுக்கு நெருக்கமான ஒன்று வந்து தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. அதை மறந்தே போய்விட்டோம். கில்லாரிக்குப் பின் 1997 மே மாதம் ஜபல்பூர். ஆக, தட்டின் விளிம்பில் இல்லாமல் தட்டின் நடுவயிற்றிலும் நிலம் ஆடுகிறது. அடிக்கடி இல்லை, ஆனாலும் ஆடுகிறது.

கில்லாரிக்கு மறுவருஷம், 1994-இல், பெங்களூரில் இருந்த கணித மாதிரியாக்க ஆய்வு மையத்தைச் சேர்ந்த வினோத் கௌர் குழுவினரும், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து ரோஜர் பில்ஹாமும் சேர்ந்து ஜி.பி.எஸ். கருவிகளோடு தென்னிந்திய மலைகளில் ஏறினார்கள். பழைய முக்கோணக் குறிகளைத் தேடிப் பிடித்து அதன் மேல் கருவியை வைத்து அளந்தார்கள். குறியைத் தேடுவது லேசான காரியமில்லை. சர்வே கல்லுக்கு நம் நாட்டில் நேரும் கதி உங்களுக்குத் தெரியும். கீழே புதையல் இருக்கும் என்று தோண்டுவார்கள், இல்லையென்றால் பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கல்தான் எங்களுக்கு லாபம், அது இடம் மாறாமல் இருக்கும்.

இந்த இடத்தில் ஜி.பி.எஸ். பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனிலும் அதுதான் இருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது செயற்கைக்கோள்கள் அளவில் ஒரு நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே போகிறது. நான்கு கோள்களின் செய்தி ஒரே சமயம் கிடைத்தால், அது வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடலாம். போனில் அது சில மீட்டர் முன்பின்னாக வரும். அதனால்தான் ஆட்டோக்காரர் அடுத்த தெருவில் நின்றுகொண்டு "எங்க சார் இருக்கீங்க?" என்று கேட்கிறார். நாங்கள் பயன்படுத்தும் கருவி அந்தச் செய்தியோடு நிற்காமல், செய்தியைச் சுமந்துவரும் வானொலி அலையையே எண்ணும். அந்த அலையின் நீளம் இருபது சென்டிமீட்டர் அளவு. அதில் நூறில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும். நல்ல பாறையில் ஒரு கருவியை நட்டு வருஷக்கணக்கில் இரவு பகலாக ஓடவிட்டால், அந்தப் பாறை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அப்படி ஒரு நிலையம் 1990-களிலிருந்து இயங்குகிறது.

அளந்ததில் என்ன வந்தது? முதல் செய்தி, நாம் எல்லோரும் பயணத்தில் இருக்கிறோம். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடகிழக்கே போகிறது. இங்கே நாற்பது வருஷத்துக்கு முன்னால் படித்து முடித்தவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் விட்டுப்போன வகுப்பறை அதே இடத்தில் இல்லை, இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

ஆனால் ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பெட்டிக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவருக்கு நடுவில் இடைவெளி மாறுவதில்லை அல்லவா? அதுதான் இரண்டாவது செய்தி. தீபகற்பம் ஒரே பெட்டியாகப் போகிறது. பெங்களூருக்கும் டெல்லிக்கும் நடுவில் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தத் தூரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் மாறுவதாகத் தெரியவில்லை. நெருக்கடியெல்லாம் பெட்டியின் முன்பக்கத்தில், இமயமலையில். அங்கே ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நிலம் நசுங்குகிறது. 1994-இல் பழைய குறிகளை அளந்தவர்களின் முடிவும் இதற்கு ஒத்தே வந்தது. 1864 முதல் 1994 வரை, 130 வருஷத்தில், தென்னிந்தியாவின் முக்கோணங்கள் பெரிதாக உருமாறவில்லை. ஒரு கிலோமீட்டருக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில்கூட உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

செஞ்சிப் பக்கம் ஒரு குன்றின் மேல் முக்காலியை நிறுத்தி அளந்துகொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் சார், எங்க நெலத்த எடுக்கவா அளக்கறீங்க?"

"இல்லீங்க பெரியவரே, இந்த மலை நகருதான்னு பாக்கறோம்."

"மலை எங்கயாவது போவுமா?"

"போவுது. ஆனா எல்லாம் ஒண்ணா சேந்து போவுது. அதான் தெரியல."

அவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நிலத்தை எடுக்கவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

சரி, நிலம் அசையவில்லை என்று செயற்கைக்கோளே சொல்லிவிட்டது, பிறகு பயம் எதற்கு? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். என் பேச்சில் நீங்கள் வேறெதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

கில்லாரி மாதிரி ஒரு நடுக்கத்தில் பாறையின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உராய்ந்து ஒரு மீட்டர் சறுக்கின என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மீட்டருக்கு உண்டான முறுக்கம் பாறைக்குள் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். இமயமலையில் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் சேர்வதால் ஒரு மீட்டர் சேர ஐம்பது வருஷம் போதும். நம் பக்கத்தில் ஒரு பிளவில் ஆண்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சேர்கிறது என்றால்? பத்தாயிரம் வருஷம் ஆகும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். பத்துப் பதினைந்து வருஷம் விடாமல் அளந்தாலும் ஜி.பி.எஸ். அந்த அளவைப் பிடிப்பது கஷ்டம். மழைக்காலத்தில் நிலம் தண்ணீரை வாங்கி அமுங்குவதும் கோடையில் எழும்புவதும் அதைவிட அதிகம். லாம்டன் காலத்திலிருந்து இருநூறு வருஷ அளவை கையில் இருந்தாலும், பத்தாயிரம் வருஷத்தில் அது ஐம்பதில் ஒரு பங்குதான்.

ஆகவே தீபகற்பத்தில் ஜி.பி.எஸ். "இங்கே அசைவு இல்லை" என்று சொன்னால், "என் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் ஒரு கில்லாரி தாராளமாக ஒளிந்துகொள்ளும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. அமெரிக்காவின் நடுவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், நியூ மாட்ரிட் என்று ஓர் ஊர். கடலிலிருந்தும் தட்டின் விளிம்பிலிருந்தும் வெகு தூரம். 1811 டிசம்பரிலிருந்து 1812 பிப்ரவரி வரை மூன்று பெரிய நடுக்கங்கள் அங்கே அடுத்தடுத்து வந்தன. அங்கே 1990-களில் ஜி.பி.எஸ். வைத்து அளக்கத் தொடங்கினார்கள். வேகமாக முறுக்கேறுகிறது என்றுதான் ஆரம்பத்தில் ஒரு கருத்து இருந்தது. வருஷம் ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வந்தது. 2009-இல் எரிக் கலேயும் சேத் ஸ்டைனும் வெளியிட்ட கணக்கில் அது ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டது. உடனே இரண்டு கட்சி. "அங்கே ஆட்டம் முடிந்துவிட்டது, மெம்பிஸ் நகரத்தில் கலிபோர்னியா மாதிரி செலவு செய்து கட்ட வேண்டாம்" என்று ஒரு கட்சி. "அளவை சும்மா இருப்பதால் அபாயம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வாய்?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நல்ல விஞ்ஞானிகள்தான்.

எனக்குச் சரியென்று படும் விளக்கம் சீனாவிலிருந்து வருகிறது. அங்கே இரண்டாயிரம் வருஷத்துக்குப் பூகம்பக் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள். வட சீனச் சமவெளியில் அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஒரு பெரிய நடுக்கம் வந்த அதே பிளவுத் துண்டில் இரண்டாம் முறை பெரியது வந்ததாக இல்லை. ஒரு பிளவு ஓய்கிறது, வேறு எங்கேயோ இன்னொன்று விழிக்கிறது. 1976 ஜூலையில் டாங்ஷான் நகரில் அரசுக் கணக்குப்படியே இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அது பெரிய அபாயம் உள்ள இடமாக அதற்கு முன் கருதப்படவில்லை. நிலத்தட்டின் நடுப்பகுதியில் பூகம்பம் வீட்டு வாடகைக்காரர் மாதிரி இடம் மாறிக்கொண்டிருக்கிறது. போன தடவை குடியிருந்த வீட்டு வாசலில் காவல் இருந்து பயனில்லை.

நம் ஊருக்கு வருவோம். புவியியல் நூல்களில் கடலூருக்கு நல்ல பெயர். 'கடலூர் மணற்கல்' என்றே ஒரு பாறைத் தொகுதி உண்டு, கேப்பர் மலையில் சிவப்பாக நிற்பது அதுதான். அதற்குக் கீழே காவிரிப் படுகை. இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்த காலத்தில், ஏறக்குறைய பதின்மூன்று கோடி வருஷத்துக்கு முன்னால், நிலம் இழுபட்டுப் பிளந்து பள்ளம் விழுந்து, பிறகு மண் மூடிய இடம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் புவனகிரியில் எண்ணெய் தேடியவர்கள் இந்த ஆழத்துக்குத்தான் துளை போட்டார்கள். பழைய பிளவுகள் கீழே புதைந்து கிடக்கின்றன. மேலே வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். எந்தப் பிளவு செத்தது, எது தூங்குகிறது என்பது வயல் வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது.

ஜி.பி.எஸ். வைத்துப் பார்க்கலாம் என்றால், இங்கே கருவியை எதன் மேல் வைப்பது? சிதம்பரத்தில் எத்தனை அடி தோண்டினாலும் கருங்கல் வராது. வண்டலில் தூண் நட்டால் அது பூமியின் அசைவைச் சொல்லாது, வண்டலின் அசைவைத்தான் சொல்லும். ஆழ்குழாய்க் கிணறுகளில் நீர் இறங்கினால் மண்ணும் கொஞ்சம் இறங்கும். நெய்வேலியில் சுரங்கம் வெட்டுவதற்காக அடியிலிருந்து பொங்கும் ஊற்று நீரை ஓயாமல் இறைத்தபடி இருக்கிறார்கள். அதையெல்லாம் கழித்துவிட்டு ஒரு தலைமுடியின் கனத்தைத் தேட வேண்டும். இன்றைக்கு சர்வே ஆஃப் இந்தியா நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிரந்தர நிலையங்களை அமைத்திருக்கிறது. நல்ல காரியம். பட்டா அளப்பதற்கும் சாலை போடுவதற்கும் அவை உடனே பயன்படும். பூகம்ப ஆய்வுக்குப் பயன்பட வேண்டுமானால் பாறையில் ஊன்றிய நிலையங்கள் வேண்டும், அதோடு நம் பேரன் காலம் வரை பொறுமையும் வேண்டும்.

அப்படியானால் இந்த அளவையால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. முறுக்கம் இத்தனைக்கு மேல் சேரவில்லை என்று ஓர் உச்ச வரம்பை அது காட்டுகிறது. தீபகற்பத்தில் பெரிய பூகம்பம் அரிது என்று நாம் வாய்வார்த்தையாகச் சொல்லிவந்ததற்கு அளந்த ஆதாரம் கிடைத்திருக்கிறது. அணு உலையோ அணையோ கட்டுகிறவர்களுக்கு அந்த வரம்பு முக்கியம். இன்னொரு பயன் 2004 டிசம்பர் 26-இல் தெரிந்தது. சுமத்ராவில் கடலடியில் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டின் விளிம்பு கிழிந்தபோது, தென்னிந்தியாவில் இருந்த ஜி.பி.எஸ். நிலையங்கள் கிழக்கே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இழுபட்டன. நம் தேவனாம்பட்டினமும் கிள்ளையும் அன்று என்ன பாடுபட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மாவட்டத்தில் மட்டும் அறுநூறு உயிர். இரண்டையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த அலை வந்தது தட்டின் விளிம்பிலிருந்து. அது வேறு கணக்கு, அதற்கு எச்சரிக்கை மையம் அமைக்க முடியும், ஐதராபாத்தில் 2007-இலிருந்து இயங்குகிறது. தட்டின் நடுவில், நம் காலுக்குக் கீழே வருவதற்கு அந்த மாதிரி எச்சரிக்கை கிடையாது.

எனவே எஞ்சுவது வீடுதான். இங்கே இருப்பவர்களில் வீடு கட்டாதவர் குறைவு. கட்டி விற்கிறவர்களும் இரண்டு மூன்று பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. 2001 ஜனவரி 26-இல் பூஜ் நடுக்கத்தின் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது அகமதாபாத். அங்கே பல அடுக்குமாடிகள் மண்ணோடு மண்ணாயின. விழுந்தவற்றில் நிறைய கட்டடங்கள் கீழே சுவரே இல்லாமல் கார் நிறுத்த இடம் விட்டு, வெறும் பில்லர் மேல் நின்றவை. தரை சபர்மதி ஆற்று வண்டல். வண்டல் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். தட்டில் வைத்த அல்வாவைத் தட்டிப் பாருங்கள், தட்டைவிட அல்வா அதிகம் ஆடும்.

இப்போது மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் எழும்பும் அடுக்குமாடிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆற்று வண்டல், கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி. புதுச்சேரிக் கடலில் வந்தது ஐந்தரை. அதுவே ஆறுக்கு மேல் வந்திருந்தால் என்ன என்பது வெறும் கற்பனையில்லை, கோயம்புத்தூரும் கில்லாரியும் அந்த அளவுதான்.

2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு மண்டல வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டது. அபாயமே இல்லாத இடம் என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை என்பதே அதற்கு அர்த்தம். சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்ந்தது. விதி புத்தகத்தில் ஏறிவிட்டது, சாரத்தில் ஏறவில்லை. பில்லருக்குள் கட்டும் ரிங் கம்பியின் முனையை 135 டிகிரி வளைத்து உள்ளே திருப்ப வேண்டும். வெறுமனே செங்கோணத்தில் மடித்துவிட்டால் ஆட்டத்தில் ரிங் பிரிந்துகொள்ளும், பில்லர் பிதுங்கிவிடும். பில்லரும் பீமும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ரிங்குகளை நெருக்கமாகப் போட வேண்டும். ஓட்டு வீடோ செங்கல் வீடோ, லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி விட்டுப்போகாமல் ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். கீழே பார்க்கிங் விட்டால் அங்கேயும் சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். கம்பி வளைக்கிறவரிடம் கேட்டால், "இதெல்லாம் நம்ம பக்கம் யாரு சார் பாக்குறா?" என்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரர் டைல்ஸ் நிறத்தைப் பார்க்கப் பத்துத் தடவை கடைக்குப் போகிறார், கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் ஒரு தடவை ரிங்கைப் பார்க்க வருவதில்லை. போட்ட பிறகு பார்க்க முடியாது.

பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் இங்கே வீடு எழுப்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் காலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருடைய கட்டடம் இன்னும் பில்லர் மட்டத்தில் இருக்கிறதோ அவர் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பார்க்கலாம். வரைபடம் இருந்தால் கொண்டுவாருங்கள். நாளை மதியம்தான் எனக்கு ரயில், காலையில் வந்து கம்பியைப் பார்த்துச் சொல்கிறேன்.